ஒரு நிமிட அமைதி வேண்டும், மர்வான்

"கொஞ்சம் பேசாம இருக்கீங்களா... எல்லாரும்!"

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்கடை ஹம்மாதி தான் விற்கும் ஒலிபெருக்கிகளில் கல்யாணப் பாட்டை அலறவிட்டிருந்தார். சந்தில் ஒருவன் சார்ஜர் விலையைத் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். காசாபிளாங்காவின் தெர்ப் கலெஃப் மின்சாதனச் சந்தையில் நின்றுகொண்டு இப்படியொரு கட்டளை போட தனித் துணிச்சல் வேண்டும். நுஹைலாவுக்கு அது நிறையவே இருந்தது.

அவள் ஒரு லேப்டாப்பின் மேல் கன்னத்தைச் சாய்த்து, காதை வைத்து, கண்களை இறுக மூடியிருந்தாள். நனைந்த கூந்தலிலிருந்து ஒரு சொட்டு விசைப்பலகையில் விழுந்தது. யாரோ அதை அவசரமாகத் துடைத்தார்கள்.

"தங்கச்சி... அது லேப்டாப்பு. தலகாணி இல்ல."

கண்ணைத் திறந்தாள். கடைக்காரன். முப்பது வயதுகூட இருக்காது. பழுப்புக் கண்கள்... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்!

"ஃபேன் சத்தம் கேக்குதான்னு பாக்கறேன்."

"இந்த மழையில ஹெலிகாப்டர் இறங்கினாக்கூட கேக்காதே!"

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது, அதுதான் இன்னும் கோபம். நாலு வருடமாக ஒரு கால் சென்டரில் உட்கார்ந்து, முகம் தெரியாத பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ரபாத்தில் குழந்தைகளுக்குக் கதை ஒலிப்பதிவு செய்யும் ஒரு நிறுவனம் அவள் குரலைக் கேட்டுவிட்டு எழுதியிருந்தது: குரல் அருமை, ஆனால் பின்னால் யாரோ மாவு அரைக்கிறார்களே? அரைத்தது அவளுடைய பழைய லேப்டாப்பின் ஃபேன். திங்கட்கிழமைக்குள் சத்தமில்லாமல் ஒரு பதிவு அனுப்பினால் வேலை. இல்லாவிட்டால் மறுபடி பிரெஞ்சுக்காரர்கள்.

இதையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டிவிட்டு, வெள்ளி நிறத்தில் ஒல்லியாக இருந்த ஒன்றைக் காட்டினாள். "இது எவ்வளவு?"

"அது அழகுதான்... ஆனா வேணாம். ரொம்ப ஒல்லி, சூடு வெளிய போக வழியில்ல. குட்டி ஃபேன் வெறி பிடிச்ச மாதிரி சுத்திக் கத்தும்." அடியிலிருந்து கறுப்பாக, கனமாக ஒன்றை இழுத்துப் போட்டான். "குரல் பதியறதுக்குப் பெரிய புராசஸர் எதுக்கு? இந்தக் குண்டனை எடுங்க. நிதானமானவன். சூடாக மாட்டான், கத்த மாட்டான்."

"விக்காததை என் தலையில கட்டப் பாக்கறீங்க!"

"நம்ப வேணாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வாங்க. எல்லாரும் கூஸ்கூஸ் சாப்பிட வீட்டுக்கு ஓடியிருப்பாங்க, சந்தையே அடங்கிக் கிடக்கும். உங்க காதே சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை போனாள். பாதிக் கதவுகள் இறங்கிக் கிடந்தன. பூனை நடந்தால்கூடக் கேட்கும்போல் இருந்தது. கடைக்காரன் மர்வான் மட்டும் தன் வீட்டுக் கூஸ்கூஸை விட்டுவிட்டு மூன்று லேப்டாப்புகளோடு காத்திருந்தான்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். வெள்ளி ஒல்லி ஐந்தே நிமிடத்தில் கெட்டில் மாதிரி சீறியது. இரண்டாவது முனகியது. குண்டன்... ஒன்றுமே இல்லை. காதில் விழுந்தது அவளுடைய நாடித் துடிப்புதான்.

கண் திறந்தபோது மர்வான் முகம் சிவந்து நின்றிருந்தான்.

"என்னாச்சு?"

"மூச்சைப் பிடிச்சிருக்கேன்... நீங்கதானே சத்தம் போடக்கூடாதுன்னீங்க!"

குபீரென்று சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு இருவரும் எதற்காகச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். நுஹைலா பணத்தைக் கொடுத்துவிட்டுக் குண்டனைத் தூக்கிக்கொண்டாள். வழியில் அம்மாவுக்கு போன் செய்தாள். புது மெஷின் வருகிறது என்றதும் அம்மா லல்லா ருகய்யா தையல் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை குண்டன் கத்தினான்.

முதல் கதையின் மூன்றாவது வரியிலேயே தொடங்கி, ஐந்தாவது வரியில் வீடே அதிரும்படி இரைந்தான். மதியம் நுஹைலா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, சந்தை நிரம்பி வழியும் நேரமாகப் பார்த்து வந்து நின்றாள்.

"ஏமாத்திட்டீங்க! நல்லவர்னு நம்பினேனே!"

கடையில் நின்ற இரண்டு பேர் மெல்ல நகர்ந்தார்கள். ஹம்மாதி பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். மர்வானின் கண்களில் இருந்த சிரிப்பு அணைந்தது. லேப்டாப்பை வாங்கி, மேஜையில் வைத்து, அவளுடைய ஒலிப்பதிவையே அரை மணி நேரம் ஓடவிட்டான். அடியில் கையை வைத்தான். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"இங்க கத்தல, மேடம்."

மேடம்! நேற்று கூடச் சேர்ந்து சிரித்தவன்...

"வீட்ல கத்துதே!"

"அப்ப கோளாறு வீட்ல."

"எங்க வீட்டையா சொல்றீங்க?"

"இந்தச் சந்தையில போர்டு இல்லாத கடை என்னோடது. என் வார்த்தைதான் போர்டு. அதைத்தான் இப்ப கிழிச்சீங்க." பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். "எடுத்துக்கிட்டு மெஷினை விட்டுட்டுப் போங்க."

"பணம் வேணாம். கத்தறதைப் பதிஞ்சு அனுப்பறேன், கேட்டுட்டு வாயை மூடுங்க!"

சாயங்காலமே பதிந்து அனுப்பினாள். அவனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: 'இது ஃபேன் கத்தற சத்தம் இல்ல, மூச்சு முட்டற சத்தம். எது மேல வச்சிருக்கீங்க?'

நுஹைலா குனிந்து பார்த்தாள்.

அவர்கள் வீட்டில் வெறும் உடம்போடு இருக்கும் பொருள் எதுவும் கிடையாது. டி.வி.க்குப் பூவேலைத் துணி, ஃபிரிட்ஜுக்குப் பூவேலைத் துணி, வாசலில் இருக்கும் மின்மீட்டருக்குக்கூட ஒன்று. புது லேப்டாப்புக்கு அம்மா விடிவதற்குள் பஞ்சு வைத்துத் தைத்து, நாலு ஓரமும் உயர்த்திய பட்டு விரிப்பு ஒன்றைப் போட்டிருந்தாள். அடியில் இருந்த காற்றுத் துளைகள் பட்டில் மொத்தமாகப் புதைந்துவிட்டன.

உருவினாள். மரப்பலகையில் வைத்தாள். குண்டன் பெருமூச்சு ஒன்று விட்டு... அமைதியானான்.

"கீறல் விழுமேன்னு போட்டேன்டி," என்றாள் அம்மா, ஒன்றும் புரியாமல்.

நுஹைலா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். கடவுளே... ஊரறிய அல்லவா அவனைத் திட்டினேன்!

ஞாயிறன்று பதிந்து அனுப்பினாள். வியாழனன்று பதில் வந்தது, வேலை கிடைத்துவிட்டது! முதலில் யாரிடம் சொல்லத் தோன்றியது என்று நினைத்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின், ஒரு கையில் லேப்டாப், மறுகையில் அம்மாவின் கூஸ்கூஸ். சந்தை காலி. ஹம்மாதி மட்டும் நாற்காலியில் சாய்ந்து தூங்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க," என்றாள் மெல்ல.

மர்வான் நிமிரவில்லை. "திட்டினது ஊருக்கே கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் காதுக்குள்ளயா?"

சரிதானே! தட்டை வைத்துவிட்டு நேரே எதிர்க்கடைக்குப் போய், விற்பனைக்கு இருந்த மைக்கைக் கையில் எடுத்தாள். காலிச் சந்து முழுக்கக் கதை சொல்லும் அந்தக் குரல் ஒலித்தது. "ஒரு ஊர்ல ஒரு முட்டாள் பொண்ணு இருந்தா... லேப்டாப்பை மெத்தையில தூங்க வச்சிட்டு, கடைக்காரரைப் பொய்யன்னு சொன்னா. அவர் பேரு மர்வான். அவர் சொன்னது அத்தனையும் நிஜம்!"

மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். மர்வான் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினான். சிரிப்பு அந்தக் கண்களுக்குத் திரும்பியிருந்தது... அப்பாடா!

"வேலை கிடைச்சிருச்சு," என்றாள்.

"தெரியும்."

"எப்படி?"

"உங்க முகத்துல எழுதியிருக்கே."

அவள் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். "ஒண்ணு கேக்கணும். இங்க வர்ற நாலு வயசுப் பாப்பாவும் தங்கச்சி, நாப்பது வயசுக்காரியும் தங்கச்சி. என்னை முதல் நாள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டீங்க. அப்புறம் கூப்பிடவே இல்ல... இன்னும் கோவமா?"

மர்வான் ஸ்குரூடிரைவரை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

"சரி, சொல்ல வேணாம்," என்றாள், உள்ளுக்குள் ஏதோ சரிய. "அலுவலகத்துக்கு ஒரு நிமிஷம் வெறும் அமைதி பதிஞ்சு அனுப்பணும், மெஷின் சத்தமில்லைன்னு காட்ட. வீட்ல அம்மா வாயை மூட மாட்டாங்க. நீங்களாவது பேசாம இருங்க."

பொத்தானை அழுத்தினாள். திரையில் பச்சைக் கோடு நேராக ஓடியது. பத்து நொடி... இருபது... குண்டன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. நாற்பதாவது நொடியில் கோடு துள்ளியது.

"கோவம் இல்ல," என்றான் மர்வான், தரையைப் பார்த்தபடி. "மழையில நனைஞ்சு வந்து, கண்ணை மூடி, அந்த லேப்டாப்பு மேல சாய்ஞ்சீங்களே... அதுக்கப்புறம் அந்த வார்த்தை என் வாயில வரல, நுஹைலா. இனிமே வரவும் வராது."

கோடு மறுபடி நேரானது. அவளுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

"பதிவைக் கெடுத்துட்டீங்க," என்றாள் கடைசியில்.

"அழிச்சிட்டு வேற எடுங்க..."

"இதை யாரு அழிப்பா?" சேமித்தாள். இரண்டு முறை சேமித்தாள். பிறகு கண்களை உயர்த்தி அவனைப் பார்த்தாள், இந்த முறை திருப்பிக்கொள்ளவில்லை. "இப்பவும் கூஸ்கூஸைத் தியாகம் பண்ணப் போறீங்களா? அம்மா இதைக் குடுத்து அனுப்பினதே, அந்தக் கடைக்காரரை அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வான்னு சொல்லித்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் கூட்டிட்டு வரேன்னு போன வெள்ளிக்கிழமையே முடிவு பண்ணிட்டேன்... அன்னிக்கு நீங்க மூச்சைப் பிடிச்சிட்டு நின்னப்பவே!"

எதிர்க்கடையில் தூங்குவதாகப் பேர் பண்ணிய ஹம்மாதி எழுந்து, அன்றைக்கு முதல் பாட்டாகக் கல்யாணப் பாட்டை முழுச் சத்தத்தில் போட்டார். நுஹைலா அவரை அதட்டவே இல்லை.