வெள்ளிக்கிழமை ஏழு ரொட்டி

போன் அடித்தபோது ஷோல்பன் லிப்டுக்குள் காலை வைத்திருந்தாள்.

"ஹலோ..."

"அந்த வீட்டுக்குப் போகாதே." பெண் குரல். கிசுகிசுப்பு. "எதுலயும் கையெழுத்துப் போடாதே. உயிர் மேல ஆசை இருந்தா அப்படியே திரும்பி..."

லிப்ட் கதவு மூடியது. குரல் அறுந்தது.

ஷோல்பன் தோளில் தொங்கிய பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பைக்குள் அவளுடைய ஒன்பது வருடம் இருந்தது. அல்மாத்தியில் டிராம் ஓட்டிச் சேர்த்த பணம். அந்த ஒன்பது வருடத்தில் பதினோரு வாடகை அறைகள். 'தனிப் பொண்ணா? ராத்திரி எட்டுக்கு மேல வெளிய நின்னா கதவு திறக்க மாட்டோம்' என்ற பதினோரு வீட்டுக்காரிகள்.

இன்று காலைகூட அண்ணி சிரித்தாள்.

"கல்யாணம் ஆகாதவளுக்கு வீடு எதுக்குடி? வர்றவன் வீட்டோட வருவான்."

"வரட்டும் அண்ணி. வந்து பெல் அடிக்கட்டும். கதவு என்னோடதா இருக்கணும்."

அதை நினைத்ததும் தைரியம் வந்தது. மலிவான விலைக்கு வந்த வீடு. வேறு யாரோ கண் வைத்திருக்கிறார்கள். பயமுறுத்தி விரட்டப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

ஐந்தாவது மாடி. நாற்பத்தொன்றாம் எண். இரும்புக் கதவு.

எர்மெக் திறந்தான். வீட்டுக்காரியின் அண்ணன் மகன், விலை பேசியவன். நாற்பது வயது. கதவை அடைக்கும் உடம்பு.

"வாங்க தங்கச்சி. அத்தை கராகண்டாவுலேருந்து வந்துட்டாங்க. உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்காங்க."

அவள் உள்ளே வந்ததும் கதவைப் பூட்டினான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பணத்தோட வந்திருக்கீங்க. பத்திரமா இருக்கட்டும்."

வீடெங்கும் காய்ந்த எண்ணெய் வாசனை.

வெள்ளிக்கிழமை அல்லவா. இந்நேரம் அவளுடைய அம்மாவும் சுட்டுக்கொண்டிருப்பாள், செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொல்லி. ஏழு ரொட்டி. செத்தவர்கள் வாசனை பிடித்து வருவார்களாம். தங்களை யாரும் மறக்கவில்லை என்று வயிறு நிறைந்து போவார்களாம்.

கூடத்தில், தலையில் முக்காடு போட்ட அறுபது வயதுப் பெண் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. நான்தான் குல்பாஷ். வீட்டுக்காரி. சீக்கிரம் குடி, நோட்டரி மத்தியானம் மூடிடுவான்."

"குழாயில தண்ணி எப்படி வருதுன்னு மட்டும் ஒரு தடவை பாத்துடறேம்மா."

"பாரு, பாரு. வாங்கறவ பாக்காம?"

ஷோல்பன் சமையலறைப் பக்கம் நடந்தாள். வாசலில் நின்றாள்.

எர்மெக் முதுகு காட்டி நின்றிருந்தான். அடுப்புப் பக்கம் ஏழு ரொட்டி அடுக்கிய தட்டு. இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே ஏந்தியிருந்தான். கைகள் நடுங்கின.

"குல்பாஷ் அத்தை..." முணுமுணுத்தான். "இது உனக்கு வந்து சேரட்டும். தின்னுட்டுப் போயிடு. என் பக்கம் வராதே."

ஷோல்பனின் வலது கால் தரையை அழுத்தியது. டிராமின் குறுக்கே யாராவது பாய்ந்தால் பிரேக்கை மிதிக்கும் கால்.

இங்கே பிரேக் இல்லை.

உயிரோடு இருப்பவர் பெயரை எந்தப் பைத்தியமும் அந்த ரொட்டியின் முன் சொல்லாது. குல்பாஷ் செத்துவிட்டாள். இவன் இப்படிப் பயப்படுகிறான் என்றால், கொன்றதே இவன்தான்.

அப்படியானால்... கூடத்தில் பால் ஊற்றுகிறவள் யார்?

ஓசைப்படாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கோப்பையை எடுத்தாள். குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

"தண்ணி வருதா?" என்றாள் முக்காடு.

"நல்லா வருதும்மா." சமையலறைப் பக்கம் பார்க்காமல் கேட்டாள். "இன்னிக்கு... யாருக்கு ரொட்டி?"

"என் புருஷனுக்கு. செத்து ஆறு வருஷம் ஆச்சு, பாவம்."

கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னாள். ஒரு கொலையை மறைத்தவர்களுக்கு இரண்டாவது என்ன பெரிய வேலை? கையெழுத்து முடிந்த பிறகா? அதற்கு முன்பேவா?

போனைத் தொட்டால் கேள்வி வரும். கத்தினால் கை கழுத்துக்கு வரும்.

எர்மெக் தட்டோடு வந்தான்.

அவன் விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் ஷோல்பனுக்கு ஒன்று புரிந்தது. இந்த அறையில் அவளைவிட அதிகம் பயந்துபோயிருப்பவன் ஒருவன் இருக்கிறான்.

"அண்ணே, பக்கத்து வீடுகளுக்குக் குடுத்தாச்சா?"

"இல்ல... அப்புறமா..."

"சூடு ஆறிடும் அண்ணே. அடுத்தவங்க கையில குடுக்காத ரொட்டி போய்ச் சேராதுன்னு எங்கம்மா சொல்வாங்க. செத்தவங்க வெறும் வயித்தோட வாசல்லயே நிப்பாங்களாம்."

எர்மெக்கின் கண்கள் வாசல் பக்கம் ஓடின.

"அதெல்லாம் திரும்பி வந்து பாத்துக்கலாம்," என்றாள் முக்காடு.

"நீ சும்மா இரு!" அவன் குரல் உடைந்தது. "நாப்பது நாளா எனக்குத் தூக்கம் இல்ல. உனக்கென்ன?"

நாற்பது நாள். ஷோல்பன் காதில் விழாதவள்போல எழுந்து தட்டை வாங்கினாள்.

"நானே குடுக்கறேன் அண்ணே. இங்க குடிவரப் போறவ. பழகிக்கணும்ல."

"நானும் வரேன்," என்றான் எர்மெக்.

"பையை வச்சிட்டுப் போம்மா," என்றாள் முக்காடு, இனிமையாக. "ரொட்டி குடுக்கப் பை எதுக்கு?"

ஒன்பது வருடம். பதினோரு அறைகள். விட்டால் போயிற்று. விடாவிட்டால் அவளே போய்விடுவாள்.

ஷோல்பன் பையை நாற்காலியில் வைத்தாள்.

வெளியே வந்ததும் எர்மெக் கதவைப் பூட்டினான். இரண்டு சுற்று. கூட்டாளியையும் பணத்தையும் ஒன்றாக விட்டுப்போக அவனுக்கு மனம் வரவில்லை. சாவி மறுபடி சட்டைப் பைக்குள். பிறகு அவள் முழங்கையைப் பிடித்தான். இறுக்கமாக.

எதிர்வீடு. ரவ்ஷான் அக்கா. போன வாரம் ஹீட்டர் சூடாகுமா என்று விசாரித்தபோது, 'ஏதாவது தெரிஞ்சா கூப்பிடறேன், நம்பர் குடுத்துட்டுப் போ' என்றவள்.

நம்பர்.

போனில் பேசிய குரல் யாருடையது என்று இப்போதுதான் தெரிந்தது. ஷோல்பன் பெல்லை அழுத்தினாள்.

சங்கிலி போட்ட கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. இடுக்கில் ஒரு கண். அது எர்மெக்கைப் பார்த்தது, தட்டைப் பார்த்தது.

"யாருக்கு?" உள்ளிருந்து வழக்கமான கேள்வி.

எர்மெக் வாயைத் திறந்தான்.

அவனை முந்திக்கொண்டு ஷோல்பன் சொன்னாள். "குல்பாஷ் அம்மாவுக்கு."

முழங்கையை நெரித்த விரல்கள் எலும்பைத் தொட்டன. "என்ன சொன்னே?"

உள்ளே சங்கிலி கழன்றது. கதவு அகலத் திறந்தது.

ரவ்ஷான் ஒதுங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால், ஆஸ்பத்திரி அங்கியில், வெளுத்துப்போன முகத்தோடு, ஓர் எலும்புக்கூடு மாதிரி ஒரு பெண்.

"எனக்கா?" என்றாள். கை நீட்டி ஒரு ரொட்டியை எடுத்தாள். கடித்தாள். எர்மெக்கைப் பார்த்தபடியே மென்றாள்.

எர்மெக் அலறினான்.

ஐந்து மாடிக்கும் கேட்டது. அவன் படிகளில் ஓடவில்லை, உருண்டான். இரண்டாவது மாடியில், லிப்டை நம்பாமல் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்த வட்டாரப் போலீஸ்காரரின் தொப்பையில் மோதி நின்றான். "வந்துட்டா... தின்னுட்டா..." என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீ லிப்டுல ஏறிட்டே, லைன் போயிடுச்சு," ரவ்ஷான் ஷோல்பனைப் பிடித்து உட்கார வைத்தாள். "குல்பாஷ் அக்கா இன்னிக்குக் காலையிலதான் பஸ்ஸுல வந்து இறங்கினாங்க. அவங்க வீட்டுக் கதவுக்கே அவங்க சாவி சேரல. பூட்டை மாத்திட்டான். நேரா இங்க வந்துட்டாங்க. போலீஸுக்கு நான்தான் போன் பண்ணேன்."

"மலையடிவாரத்துல எங்க தோட்ட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான்," என்றாள் குல்பாஷ், மென்றுகொண்டே. "நான் தூங்கினப்புறம் கரி அடுப்போட புகைவழியை அடைச்சு, கதவைப் பூட்டிட்டுப் போயிட்டான். பக்கத்துத் தோட்டக்காரன் கதவை உடைச்சுத் தூக்கினான். கிராமத்து ஆஸ்பத்திரியில பேரே ஞாபகம் இல்லாம கிடந்தேன். நான் செத்தேனான்னு பாக்கக்கூட இவன் வரல. சின்ன வயசுலேருந்தே பயந்தாங்கொள்ளி."

போலீஸ்காரர் சாவியோடு வந்து நாற்பத்தொன்றைத் திறந்தார். முக்காட்டுக்காரி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஐந்து மாடியைக் கணக்கிட்டபடி நின்றிருந்தாள். பை அவள் கழுத்தில் இருந்தது.

பை திரும்பி வந்தது. ஷோல்பன் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பணம் பிழைத்தது. வீடுதான் போயிற்று. பன்னிரண்டாவது அறை, பன்னிரண்டாவது வீட்டுக்காரி.

குல்பாஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆச்சா?"

"இல்லம்மா." இங்கேயுமா என்று நினைத்தாள்.

"நல்லது. சொந்தக்காரங்க எத்தனை குறைச்சலோ, ஆயுசு அத்தனை கூட." மூன்றாவது ரொட்டியை எடுத்தாள். "நான் என் தங்கச்சிகிட்டப் போறேன். அந்தச் சுவத்துக்குள்ள இனி எனக்குத் தூக்கம் வராது. வீட்டை நிஜமாவே விக்கிறேன். அவன் சொன்ன அதே விலை. ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்கம்மா."

"நான் நிஜமா செத்தப்புறம், வெள்ளிக்கிழமை அந்தச் சமையலறையில எனக்கு ஏழு ரொட்டி சுடணும்."

"சுடறேம்மா. சத்தியமா."

குல்பாஷ் கையிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அதுல உப்புப் போடு. இந்தப் பய நாப்பது நாளா எனக்குப் பத்தியச் சாப்பாடு போட்டிருக்கான்."