பசுமலை காரில் அம்பாசிடர் என்ஜின்

சனிக்கிழமை. காலை 9.40.

ஜனகராஜ் காரின் பானெட்டைத் தூக்கினார். டார்ச் அடித்து என்ஜின் நம்பரைப் படித்தார். கையிலிருந்த ஆர்.சி. புக்கைப் படித்தார். மறுபடியும் நம்பரைப் படித்தார்.

"இது இந்த வண்டி என்ஜின் இல்ல. அம்பாசிடர் என்ஜின்."

பசுமலையில் அந்த வீட்டு ஷெட்டில் நின்றது லேசுப்பட்ட வண்டி அல்ல. அறுபது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கல்லூரியில் கணக்கு நடத்திய கைலாசநாதன் அதைக் கண்ணாக வைத்திருந்தார். அவர் காலமாகிப் பதினோரு மாதம் ஆகிறது. மனைவி சாவித்ரி மட்டும் வீட்டில். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் விஸ்வநாத் வண்டியை விற்க ஏற்பாடு செய்திருந்தான். வாங்க வந்தவர் ஜவுளிக்கடை கிரிதரன்.

இந்த மாதிரிப் பழைய வண்டிக்கு மதிப்பே பிறந்தபோது இருந்த என்ஜினோடு இருப்பதில்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துச் சொல்லத்தான் கிரிதரன் ஜனகராஜைக் கூட்டி வந்திருந்தார். ஓய்வுபெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர் அவர். முப்பத்திரண்டு வருடம் வண்டிகளைப் பார்த்து எஃப்.சி. கொடுத்த கண். விளாங்குடியில் தனியாக இருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் வித்யாஸ்ரீ கனடாவில். காலையில் வீட்டைப் பூட்டும்போது டி.வி.யை அணைக்காமல் வருவது அவர் வழக்கம். திரும்பிப் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவார்கள்.

பழைய என்ஜின் கிடைத்தால் சொல்லுங்கள் என்று கிரிதரன் கைகூப்பிவிட்டுக் கிளம்பினார். விஸ்வநாத் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஷெட்டுக்கு மூன்று சாவி. ஒன்று அம்மாவிடம், ஒன்று பெங்களூரில் தன்னிடம், மூன்றாவது மெக்கானிக் சங்கிலியிடம். பூட்டு உடையவில்லை. இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும் என்று கேட்டான் அவன்.

10.30. பக்கத்து வீட்டு மாதங்கி, பள்ளிக்கூட டீச்சர், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஜனகராஜின் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள்.

"இந்தக் கார் சத்தம் கடைசியா எப்பக் கேட்டுச்சு?"

"நேத்து சாயங்காலம். ஆறு பத்து."

"நிச்சயமா?"

"தெனமும் ஆறு பத்துதான் சார். அந்தக் காலத்துல மாமா காலேஜ்லேர்ந்து வர்ற நேரம். இப்போ மாமி பத்து நிமிஷம் ஓட விடறா. வண்டி கெட்டுப் போகாம இருக்கறதுக்குன்னு சொல்லுவா."

"அதே சத்தமா, வேற மாதிரியா?"

"அதே கரகரப்பு. இருபது வருஷமாக் கேக்கறேன், தெரியாதா?"

விஸ்வநாத்துக்கு வழக்கு முடிந்தே போயிற்று. நேற்று சாயங்காலம் வரை அப்பாவின் என்ஜின் இருந்திருக்கிறது, காலையில் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சங்கிலி மாற்றியிருக்கிறான். நாலு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்றான். சாவித்ரி காபி டம்ளர்களைத் துணியால் துடைத்தபடியே, சங்கிலி அப்படிப்பட்டவன் இல்லை என்று மட்டும் மெல்லச் சொன்னாள். உனக்கு உலகம் தெரியாது என்று அவள் வாயை அடைத்துவிட்டான் மகன்.

11.45. கூப்பிடாமலே சங்கிலி வந்தான். ஐம்பது வயது, பழங்காநத்தத்தில் சொந்தப் பட்டறை. கையில் ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன். விஷயத்தைக் கேட்டதும் கேனைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ஜினை நீதான் மாத்துனியா?" என்று கேட்டார் ஜனகராஜ்.

"நான் திருடல சார்."

"அப்ப யாரு?"

"அதுக்கு மேல என்னைய எதுவும் கேக்காதீக."

"கேஸ் ஆனா உன் பட்டறைக்கு எவனும் வண்டி விட மாட்டான். தெரியுமா?"

"தெரியும் சார்."

எவ்வளவு கேட்டும் பிடி கொடுக்கவில்லை. சாவித்ரி கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு, கேனை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். பார்த்தீர்களா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்றான் விஸ்வநாத்.

ஜனகராஜுக்கு மனசு கேட்கவில்லை. தான் சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகப் போகிறான். அந்த வார்த்தை சரிதான். ஆனால் மீதிக் கதை சரியாக இருக்கிறதா?

2.10. மறுபடி ஷெட்டுக்குப் போய் வண்டியைச் சுற்றிவந்து, தரையில் முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தார். சைலன்சர் வாயில் சிலந்தி வலை. அதில் காய்ந்து சருகான ஒரு விட்டில். என்ஜினை இறுக்கிய போல்ட்டுகளின் தலையில் ஒரே சீராகத் தூசி. பெட்ரோல் டாங்கில் குச்சியை விட்டு எடுத்தார். குச்சி நனையவே இல்லை.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். அங்கே பூட்டிய தகரக் கொட்டகை ஒன்று. பக்கத்தில் செம்பருத்திச் செடி. கொட்டகைப் பக்கத்து இலைகள் மட்டும் கறுத்திருந்தன. ஒன்றைக் கிள்ளி முகர்ந்தார். புகை வாசம். கொஞ்ச நேரம் அந்த இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

3.20. விஸ்வநாத் புகாரை எழுதி முடித்திருந்தான்.

"அதை மடிச்சு வைங்க தம்பி. திருட்டே நடக்கல," என்றார் ஜனகராஜ்.

கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஒரே ராத்திரியில் மாற்றிய என்ஜின் என்றால் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கும். இருப்பதோ மாதக்கணக்கான தூசி. சைலன்சரில் வலை கட்டியிருக்கிறது என்றால் இந்த வண்டி ஓடியே பல மாதம் ஆகிறது. டாங்கில் சொட்டுப் பெட்ரோல் கிடையாது. ஆனால் சத்தம் நேற்றுவரை கேட்டிருக்கிறது. டீச்சர் பொய் சொல்லவில்லை. அப்படியானால் சத்தம் காரிலிருந்து வரவில்லை. சங்கிலி கொண்டுவந்த பெட்ரோலும் காருக்கு இல்லை.

"நாம எல்லாரும் சத்தம் கேட்டா வண்டி ஓடுதுன்னு நெனச்சுட்டோம். அங்கதான் தப்பு. என்ஜின் இந்த வீட்டை விட்டு வெளியவே போகல. கொல்லைக் கொட்டகையில ஸ்டாண்ட்ல நிக்குது. கழட்டி மாட்டுனது சங்கிலி. எடுக்கச் சொன்னது..." சாவித்ரி பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்கம்மா. நீங்கதான்."

சாவித்ரி மறுக்கவில்லை. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஆறு மாசம் முன்னாடி, காரை விக்கப் போறேன்னு நீ போன்ல சொன்ன அன்னிக்குத்தான்டா சங்கிலியைக் கூப்பிட்டேன். வண்டி காலியா இருந்தா தெரிஞ்சுடும்னு வேற ஒரு பழைய என்ஜினை மாட்டச் சொன்னேன்," என்றாள் மகனிடம். "வண்டியை எடுத்துண்டு போகட்டும், எனக்கு ஓட்டவா தெரியும்? அந்தச் சத்தம் வந்தாத்தான் அப்பா கேட்டுக்குள்ள வந்துட்டார்னு அடுப்புல காபிக்குத் தண்ணி வைப்பேன். அது நின்ன மொத வாரம் சாயங்காலம் காபியே போடலை. யாருக்குப் போடறது?"

விஸ்வநாத் எழுதிய காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். நீ சிரிப்பாய் என்று பயந்தேன் என்றாள். ஜனகராஜ் சன்னலுக்கு வெளியே பார்த்தார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது அந்த அறையில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தப்பைச் சங்கிலியின் பட்டறையிலேயே வந்து சொல்ல வேண்டும் என்று சாவித்ரி பிடிவாதமாகச் சொன்னாள். பதினோரு மாதத்தில் அவள் வாசற்கேட்டைத் தாண்டுவது அதுதான் முதல்முறை. ஆட்டோவில் மூவரும் போனார்கள்.

4.35. பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் அவள், என்ஜினை எடுத்தது நான், சங்கிலி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னாள். சங்கிலி பதறிப்போய்க் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"எதுக்கும்மா சொன்னீக? உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். ரெண்டு மாசமோ மூணு மாசமோ, உள்ள இருந்துட்டு வந்திருப்பேன்ல?"

மகன் பின்னால் நிற்பது சாவித்ரிக்கு அப்போது ஞாபகமே இல்லை.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எங்காத்துப் படியேறி வர்ற ஒரே மனுஷன் நீதானே, சங்கிலி. நீயும் உள்ள போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"