பின் இடது

ஆறு அடி. சர்வேயர் மூன்று முறை நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டார். சோபாவின் நடு இருக்கையிலிருந்து பின் இடது ஸ்பீக்கர் வரை ஆறு அடி, ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டிவித் திரையோ பதினோரு அடி என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பதினோரு அடி என்றால் அந்த ஸ்பீக்கர் பின்சுவரைத் தாண்டி, ஆள் காலி செய்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயர் செய்கிற வேலை அது. ஒரு சிறு மைக்கைக் கொடுத்து, கேட்பவரின் காது உயரத்தில் நிறுத்தச் சொல்லும். அறையில் யாரும் பேசக் கூடாது, இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது. பிறகு ஐந்து ஸ்பீக்கரிலும் ஒவ்வொன்றாக ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சலை விட்டு, எது எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று திரையில் எழுதிக் காட்டும். நான்கு ஒழுங்காக வந்தன. ஒன்று மட்டும் அடாவடி. முப்பது வருஷம் ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்தவருக்குச் சொந்த வீட்டில் ஐந்தடி உதைத்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் அவருக்குச் சினிமாப் பைத்தியமெல்லாம் கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் மனைவியின் இடது காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதுவரை சோபாவில் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, படம் முழுக்க அவள் காதில் நையாண்டி செய்துகொண்டே இருப்பார். பிறகு வலப்பக்கம் மாறினார். அதுவும் உதவவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை, தலை வலிக்கிறது என்று அவள் கைபேசியோடு படுக்கையறையில் ஒதுங்கிவிட்டாள். தனியாக டிவி போட்டால் அவர் பாதிப் படத்திலேயே அணைத்துவிடுவார். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்தால் அவளுக்குத் தோதாக இருக்குமோ என்ற நப்பாசையில்தான் கடை ஏறினார். அவள் மறுபடி பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

வந்தாள். பதினோரு அடி என்று காட்டிய அன்று மாலையே வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“பின்னாடி ஒண்ணு பேசுதுங்க. ரொம்பத் தள்ளி. ஆனா இடது காதுல கேக்குது.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செத்த காதில் எப்படிக் கேட்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. தள்ளிக் கேட்கிறது என்றாளே, அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு மரப்பெட்டி ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டு ஒல்லியான ஒரு ஜோடியை வாங்கி வந்தார். ஒன்பது அடி. அதற்கடுத்த ஞாயிறு, ஒல்லியைக் கொடுத்து உயரமானது. ஏழே முக்கால். கடைக்காரர் அவரைத் தெருமுனையில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினார். இவர் விடுவதாக இல்லை. குறைகிறதே! நல்ல ஸ்பீக்கராகத் தேடத் தேட, கணக்கு நெருங்கி வருகிறதே! நான்காவது ஜோடியில் திரை ஆறு அடி என்று எழுதியபோது தொடையில் தட்டிச் சிரித்தார்.

அன்று இரண்டு பேரும் படம் பார்த்தார்கள். அவள் இடப்பக்கமாகச் சாய்ந்தே இருந்தாள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு முறை சிரித்தாள். அவளுக்கு இடப்பக்கம் காலியாக இருந்த இருக்கையிலிருந்து பழைய ஈரத்துணி வாடை மெல்ல வந்தது. ஜன்னல் திரையைத் துவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

எதையும் இரண்டு முறை அளப்பது தொழில் புத்தி. மறுநாள் காலை மைக்கை வைத்து மறுபடி அளந்தார். நாலு அடி.

ஆத்திரத்தில் பின் இடதை மட்டும் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போய்க் கத்தித் தீர்த்தார். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கம்பி எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“சார், இது ஒரு நாள்கூட பாடியிருக்காது. பொறந்ததுலேர்ந்தே ஊமை.”

“நேத்து ஆறு அடின்னு காட்டிச்சு.”

“எது காட்டிச்சோ, இது இல்ல.”

ஸ்பீக்கரை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். மத்தியான வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மனைவி படுக்கையறையில் இருந்தாள். பின் இடது மூலையில் ஒயரின் இரண்டு செப்பு முனைகள் மட்டும் தரையில் கிடந்தன. அங்கே எதுவுமே இல்லையென்று அந்த மெஷின் வாயாலேயே சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடு இருக்கையில் மைக்கை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, சமையலறை வாசலில் போய் நின்றார்.

முன் இடது, உஸ்ஸ்ஸ். நடு. முன் வலது. பின் வலது. நான்கும் ஒரே சீராக, ஒரே அளவாக.

பிறகு நிசப்தம். சுவர்க் கடிகாரம் மட்டும்.

உஸ்ஸ்ஸ்.

சோபாவின் பின்னாலிருந்து வந்தது. சீராக இல்லை. நடுங்கியது. ஈரமாக இருந்தது. பாதியில் நின்றது. மூச்சு இழுத்துக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

யாரோ வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள்.

திரையில் எழுத்து வந்தது. பின் இடது: இரண்டு அடி.

பதினொன்று. ஒன்பது. ஏழே முக்கால். ஆறு. நாலு. ஸ்பீக்கர் எதுவும் நகரவில்லை. குறையக் குறையச் சந்தோஷப்பட்டது அவர்தான். ஓட வேண்டும் என்று நினைத்தார். படுக்கையறையில் இருக்கிறவளை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

படுக்கையறைக் கதவு திறந்தது. மனைவி வந்தாள். அவர் பக்கம் பார்க்கவில்லை. மைக்கை மெல்ல ஒதுக்கிவிட்டு நடு இருக்கையில் உட்கார்ந்தாள். இடப்பக்கம் திரும்பி, வெட்கத்தோடு சிரித்தாள். நான்கு வருஷமாக அவர் காணாத சிரிப்பு.

“மறுபடி இந்தப் பக்கமே வந்து உக்காந்துட்டீங்க,” என்றாள் காலி இருக்கையிடம். “எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?”

காலி இருக்கையின் மெத்தை அமுங்கியிருந்தது.

அவர் அவளைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். அவள் புருவத்தைச் சுருக்கினாள். நல்ல காதைக் கொஞ்சம் திருப்பினாள். சமையலறை வாசலைப் பார்த்தாள். அவர் நின்ற இடத்தை. அவரைத் தாண்டி எங்கோ.

“ஏங்க, அங்க யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?”

இடது காதுக்குப் பதில் வந்திருக்க வேண்டும். தலையாட்டினாள். பயம் தெளிந்த முகத்தோடு வலது காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

திரை தானாக மாறியது. பூஜ்யம்.

அவள் கண்ணை மூடி, இடப்பக்கம் ஒன்றுமில்லாத வெளியில் தலையைச் சாய்த்தாள். தலை கீழே விழவில்லை.