ஒரு சாண் தண்டவாளம்

ரயில் மூன்றாவது சுற்றிலும் அதே இடத்தில் நின்றது. சுவரை ஒட்டி ஜன்னலுக்குக் கீழே திரும்புகிற வளைவு அது. இன்ஜின் அங்கே வந்ததும் ஒரு முனகல் முனகி, மூக்கைத் தாழ்த்தி, அப்படியே நின்றுவிடுகிறது. இஞ்ஞாசி சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து தண்டவாளத்தின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டினான். விரல் ஓரிடத்தில் லேசாக இறங்கி ஏறியது. ஒரு நூல் அளவு, அரைக்கால் அங்குலம், இருக்கும்.

ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நிற்காமல் ஓரமாக நகர்ந்தது. முந்தாநாள் இதே இடத்தில் அது ஆணி அடித்ததுபோல் நடுவில் நின்றிருந்தது.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவன் ஃபிட்டர். அங்கே அவனுக்குப் பட்டப்பெயரே ரசமட்டம்தான். டீ டம்ளரை வைப்பதற்கு முன்னால் மேசை சாய்வாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவன் போட்ட தண்டவாளம் இறங்குகிறது என்றால் மில்லில் சிரிப்பார்கள். அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அன்னாள் போன இந்த ஐந்து மாதத்தில் அவனுக்கு எதுவுமே உறைக்கவில்லை. மிளகாயும் உறைக்கவில்லை, பங்குனி வெயிலும் உறைக்கவில்லை. நாலு நாள் காய்ச்சலில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று நாகல் நகர் முழுக்கப் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டான்.

இந்தப் பொம்மை ரயிலும் அவனுக்காக வந்ததில்லை. சிங்கப்பூரிலிருந்து அன்னாளின் தம்பி சேவியர், அக்கா மகள் இளவேனிலுக்கு அனுப்பியது. ஆறு வயதுப் பிள்ளை, அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. டாக்டரிடம் காட்டினான், வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போனான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் ரயிலை ஓட்டிக் காட்டியபோதுதான் அவள் கண் ஒரு பொருளின் பின்னால் நகர்ந்தது. மறுநாளே எட்டுக்கு நாலு பிளைவுட் வாங்கி மாடி அறையில் மேசை போட்டுவிட்டான். அவள் மறுபடி பேச வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வேலையை முறையாகத்தான் செய்தான். ஹவாய் செருப்பு செய்கிற ரப்பர் ஷீட்டைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, இரண்டு ஓரத்தையும் சரிவாகச் சீவி, பென்சில் கோட்டின் மேல் பசை தடவி ஒட்டி, காயும்வரை குண்டூசி குத்தி வைத்தான். அதன்மேல் தண்டவாளம். அதன்மேல் ஜல்லி. நிஜ ஜல்லிக்குப் பதில், கல் உடைக்கிற கிரஷர் தூளை மாவுச் சல்லடையில் சலித்து, தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளுக்கு நடுவில் பிரஷால் தள்ளி, தண்ணீர் கலந்த பசையை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விட்ட பசை காய்வதற்குள் முழு வளைவையும் முடித்துவிட வேண்டும்.

கடைசி வளைவில் ஒரு சாண் தூரத்துக்குத் தூள் பற்றாமல் போனது. பசை காய ஆரம்பித்திருந்தது. கடை ஞாயிறு லீவு. அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது.

அந்த டப்பாவில் கல்லறை மண் இருந்தது. அடக்கத்தன்று எல்லாரும் ஒரு பிடி மண் அள்ளிக் குழிக்குள் போடுவார்கள். இஞ்ஞாசியும் அள்ளினான். ஆனால் கை திறக்கவில்லை. பூட்டிய பூட்டாட்டம் இருந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கப் போனபோதுதான் மூடிய கைக்குள் செம்மண் அப்படியே இருப்பதைப் பார்த்தான். வாளியில் கரைக்கவும் மனம் வரவில்லை, திரும்பப் போகவும் கால் வரவில்லை. டப்பாவில் போட்டு மூடி வைத்தான். ஐந்து மாதம் கழித்து, பசை காய்ந்துவிடுமே என்கிற ஒரே கவலையில், யோசிக்காமல் அதை எடுத்துச் சலித்து அந்த ஒரு சாணில் போட்டு முடித்தான். போட்ட பிறகும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது அந்த ஒரு சாண்தான் இறங்கியிருந்தது.

ஆணிகளை நெம்பித் தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் ரப்பர் துண்டு கொடுத்து மட்டம் பார்த்து அடித்தான். மறுநாள் இரண்டு நூல் இறங்கியிருந்தது. தூள் போட்டு நிரப்பினான். அதற்கு அடுத்த நாள் போட்ட தூளைக் காணோம். மேசைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். பிளைவுட் காய்ந்து, நேராக, அவன் எழுதிய அளவுகளோடு இருந்தது. தரையில் ஒரு பொடி உதிரவில்லை. அறையில் மட்டும் ஒரு வாடை நின்றது. மழை வாடை இல்லை. ஆழத்திலிருந்து வெட்டி எடுத்த பச்சை மண்ணின் வாடை.

அந்த வாரம் காலை ஷிப்ட். மூன்று மணிக்கு வீடு திரும்பி மாடிப்படி ஏறும்போது பேச்சுக் குரல் கேட்டது. மெல்லிய, கரகரத்த, பழக்கம் விட்டுப்போன குரல். இளவேனிலின் குரல். படியிலேயே நின்றான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

அவள் முக்காலி மேல் ஏறி, வளைவின் மேல் குனிந்திருந்தாள்.

"யாரு கூட பாப்பா பேசுற?"

"அம்மா கூட."

"அம்மா எங்க?"

அவள் தண்டவாளத்தைக் காட்டினாள். "உள்ள. வழி சின்னதா இருக்காம். கை எட்டலையாம்."

அன்று இரவு அவள் மூன்று தோசை சாப்பிட்டாள். சட்னியில் உப்பில்லை என்று குறை சொன்னாள். தண்டவாளத்தைப் பிய்த்து எறிந்துவிட்டால் இந்தக் குரல் போய்விடும். அவன் பிய்க்கவில்லை. ஒரு வாரம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே ஷிப்டுக்குப் போனான், வந்தான், சமைத்தான். இது சரியில்லை என்று ஓர் எண்ணம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரித் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு நகம் வெட்ட உட்கார்ந்தான். வலது கையின் நகக்கண்களில் செம்மண். விரல்கள் ஐஸாகக் குளிர்ந்திருந்தன. மணிக்கட்டு வரை தோல் வெளுத்து, நாளெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தது.

அவளைக் கீழே விட்டுவிட்டு மாடிக்குப் போனான். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் பென்சிலைச் செருகினான். முக்கால் அங்குலப் பலகை. பென்சில் முழுதும் உள்ளே போனது. பிடித்திருந்த நுனியை விட்டதும் அதுவும் மறைந்துவிட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. தையல் நூலில் ஒரு சின்ன நட்டைக் கட்டி இறக்கினான். இரண்டடி. நாலடி. ஆறடி. மேசையின் உயரமே மூன்றடிதான். எட்டிக் கீழே பார்த்தான், பலகைக்கு அடியில் வெறும் தரை. நூல் கையில் தொய்ந்தது. பிறகு விறைத்தது. உள்ளேயிருந்து யாரோ இரண்டு தடவை, மெதுவாக, இழுத்துப் பார்த்தார்கள்.

நூலை விட்டுவிட்டான். நூல் அவசரமில்லாமல் உள்ளே போனது.

மறுநாள் காலை அந்த ஒரு சாணையும் பெயர்த்தான். ஸ்பூனால் சுரண்டி, பசையில் இறுகிப்போன மண்ணை ஒரு கட்டி விடாமல் கேரி பேக்கில் போட்டான். அடியில் பலகை வெளுப்பாக, முழுதாக, ஓட்டையில்லாமல் தெரிந்தது. தட்டிப் பார்த்தான். கெட்டியான பலகைச் சத்தம்தான் கேட்டது. இளவேனில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கீழ்வீட்டு மெஹராஜ் அக்காவிடம் அவளை விட்டுவிட்டு சைக்கிளை எடுத்தான்.

கல்லறையில் குழி வெட்டுகிற அழகர் அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"உங்க வீட்டம்மா குழி மட்டும் அமுங்கிக்கிட்டே இருக்கு தம்பி. நானும் ரெண்டு வண்டி மண்ணு போட்டுட்டேன். எம்புட்டுப் போட்டாலும் உள்ள போயிருது."

இஞ்ஞாசி குனிந்து, பையிலிருந்த மண்ணைக் கையில் அள்ளினான். இந்த முறை விரல்கள் திறந்தன. மண் விழுந்து அந்தப் பள்ளத்தின் மேல் அசையாமல் கிடந்தது. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். இறங்கவில்லை. ஐந்து மாதத்து அழுகை அத்தனையும் ஒரேயடியாக வந்தது. அழகர் தோளைத் தட்டிக்கொடுத்தார். திரும்பும் வழியில் பிள்ளைக்கு ஜிலேபி வாங்கினான். வெயில் முதுகில் சுட்டது. சுடுகிறது என்று உணர்ந்தபோது அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. பன்னிரண்டு மணிக் கட். ஃபேனும் மிக்ஸியும் டிவியும் அடங்கித் தெரு சத்தமில்லாமல் கிடந்தது. மெஹராஜ் அக்கா வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா எங்கக்கா?"

"மேல போச்சுப்பா. அம்புட்டுப் பேச்சு பேசுது, மாஷா அல்லாஹ். ஆமா, ஊர்ல இருந்து யாரும் வந்திருக்காங்களா? பொம்பளக் கொரலும் கேட்டுச்சே."

ஜிலேபிப் பொட்டலம் கையிலிருந்து நழுவியது. படிகளில் ஏறினான். மேலே பேச்சு நின்றிருந்தது. வேறொரு சத்தம். சர்ர். சர்ர். அரிசி மூட்டைக்குள் கையை விட்டால் கேட்கிற சத்தம்.

கதவைத் தள்ளினான். பச்சை மண் வாடை முகத்தில் அடித்தது.

அவள் முக்காலி மேல் நின்றிருந்தாள். உடம்பு மேசைமேல் சாய்ந்திருந்தது. கன்னம் தண்டவாளத்தில் பதிந்திருந்தது. வலது கை இல்லை. இல்லை, இருந்தது. அவன் சுரண்டி எடுத்த இடத்தில், பலகைக்குள், தோள்வரை போயிருந்தது.

குனிந்து அடியில் பார்த்தான். பலகை. காய்ந்த, நேரான பலகை. அவனுடைய பென்சில் எழுத்துகள். கை எதுவும் வெளியே வரவில்லை.

அந்த மண்தான் இத்தனை நாளும் வழியை அடைத்து வைத்திருந்தது. அதை அவன் எடுத்துக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

இடுப்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. உள்ளேயும் இழுத்தார்கள். முரட்டுத்தனமாக இல்லை. ரோடு தாண்டும்போது பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிப் போகிற இழுப்பு.

"அன்னாள்," என்றான். "அன்னாள், புள்ளடி. நம்ம புள்ளடி. விட்ருடி."

இழுப்பு தளரவில்லை.

"இழுக்காதப்பா," என்றாள் இளவேனில். பாதி முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "அம்மா புடிச்சிருச்சு. எட்டிருச்சு."

அவன் கத்தினான். பயம் முழுதாக, மிச்சமில்லாமல், வந்து சேர்ந்திருந்தது. கீழே அக்கா ஏதோ கேட்டாள். அவன் விடவில்லை. விடவில்லை. பிள்ளையின் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. இன்னும் ஒரு விரற்கடை. வளைவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஜல்லி பொடிப்பொடியாக நகர்ந்து வந்து அவள் கழுத்தைச் சுற்றிக் குவிந்து, சரிவு பிசகாமல், மட்டம் பிசகாமல், இறுகிக்கொண்டிருந்தது.