பீடம் இருந்த இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருடம் ஆனி மாதம். மேலகரத்துக்கு மேற்கே ஒரு சின்னக் குடியிருப்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் வேலையாக நானும் என் ஆட்கள் நான்கு பேரும் போய் இறங்கினோம். நான் மின்சார இலாகாவில் லைன் மேஸ்திரி. பெயர் கிதிர் முகம்மது, தென்காசிக்காரன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். அதனால் நான் சொல்லப்போவதை நம்பாதவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

தங்குவதற்குத் தன் தோப்பு வீட்டைக் கொடுத்தார் பண்ணையார் சிவனணைந்தபெருமாள். பழைய வீடு. ஓடு முழுக்கப் பாசி. குற்றாலத்துச் சாரல் நாள் முழுக்கப் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. சுவரைத் தொட்டால் ஈரம், பாயைத் தொட்டால் ஈரம். அந்த ஈரத்துக்குள் ஒரு நாற்றம் இருந்தது.

சுருட்டு நாற்றம்.

எங்களில் யாருக்கும் சுருட்டுப் பழக்கம் இல்லை. மழைக்கு ஒதுங்கினவன் எவனோ குடித்திருப்பான் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் வாய்க்கால் கரையோரமாகக் கம்பம் நட வேண்டிய இடங்களில் முளை அடித்துக்கொண்டே போனோம். ஒன்பதாவது கம்பம் விழ வேண்டிய இடத்தில் ஒரு பீடம் நின்றது. இடுப்பு உயரம், புதுச் சுண்ணாம்பு. முன்னால் சுருட்டுத் துண்டுகள், கோழி இறகு, சிரட்டையில் கொஞ்சம் சாராயம். மதுவிலக்கெல்லாம் மனுஷனுக்குத்தான் போலிருக்கிறது.

ஆட்கள் நின்றுவிட்டார்கள். அவர்களில் மாடன் என்பவன் செருப்பைக் கழற்றினான்.

"என்ன சாமிலே இது?"

"சாமி இல்ல மேஸ்திரி. குத்தாலிங்கம். பண்ணையாரு தம்பி. ரெண்டு வருசத்துக்கு முன்ன தூக்குல போட்டாங்கள்லா, அவன்."

எனக்கு நினைவு வந்தது. ஜில்லாவே பேசிய கேஸ். பிரமு என்ற ஏழு வயதுப் பிள்ளை. மாம்பழம் தருகிறேன் என்று தோப்புக்குள் கூட்டிப் போனான். மறுநாள் கிணற்றில் கிடந்தாள். அவளை என்ன செய்திருந்தான் என்று கோர்ட்டில் டாக்டர் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். தூக்கு என்று தீர்ப்பு வந்த அன்று தென்காசி காபிக் கடையில் நின்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். இவனைப் போடாமல் வேறு யாரைப் போடுவது?

ஆனால் செத்தவன் சும்மா இருக்கவில்லையாம். நாற்பத்தோரு நாள் முடியுமுன் பண்ணையார் தொழுவத்தில் மூன்று மாடு செத்தது. ஊரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. துர்ச்சாவு செத்தவனுக்குப் பீடம் போட்டு, படையல் வைத்து அடக்குவது அந்தப் பக்கத்து வழக்கம். அண்ணன் போட்டார். ஊர் பயந்துபோய்ப் படைத்தது. பிறகு, நம் பிள்ளையைத் தொடாமல் இருக்கட்டும் என்று அவனிடமே பிள்ளைகளைக் கூட்டிவந்து, பீடத்தில் வைத்த கறுப்புக் கயிற்றை எடுத்துக் கையில் கட்டத் தொடங்கினார்கள்.

பிள்ளையைக் கொன்றவன் பிள்ளைகளுக்குக் காவல்.

பண்ணையார் குடையோடு வந்தார்.

"பாய், லைன இங்கன வளைச்சிரும். அந்தா, புறம்போக்குல ஒரு கம்பம் நட்டா தீந்துச்சு."

"நேர் லைன்னுதான் உத்தரவு, அண்ணாச்சி."

"சர்க்கார் அவன ஒரு தடவ கொன்னது போதாதா? மறுபடியும் வந்து புடுங்கணுமா?"

நான் முஸ்லிம். அடுத்தவர் பீடத்தில் நான் கைவைத்தால் அது வேறு சண்டையாகிவிடும். வாயை மூடிக்கொண்டு புறம்போக்கில், எருக்கஞ்செடிகளுக்கு நடுவே முளையை அடித்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

சாயங்காலத்துக்குள் இரண்டடி தோண்டி வைத்தோம். காலையில் போனால் குழி மூடிக் கிடந்தது. மண் சரிந்து மூடியதாகத் தெரியவில்லை. தட்டித் தட்டிச் சமன் செய்திருந்தது. மேலெல்லாம் கைத்தடம்.

சின்னக் கை.

"ஏதோ பிள்ள வெளையாடிருக்கு" என்றான் என் ஆட்களில் ஒருவனான பரமசிவன். அவன் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

மறுபடி தோண்டினோம். மத்தியானம் சோறு தின்ன மரத்தடிக்கு ஒதுங்கினோம். அரை மணி நேரம்கூட இருக்காது.

திரும்பி வந்தபோது குழி இல்லை.

பட்டப்பகல். கண்ணுக்கு எட்டியவரை ஆள் கிடையாது. சாரல் விழுந்துகொண்டே இருந்தது. சமன் செய்த மண்மேல் மறுபடி அதே சின்னக் கைத்தடங்கள், அவற்றில் இன்னும் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை.

பின்னால் ஏதோ தொப்பென்று விழுந்தது. புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும்.

"அண்ணாச்சி, அங்கன தோண்டாதிய. எம் பிள்ள படுத்திருக்கா."

பிரமுவின் தாய், உச்சிமாகாளி.

அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். கல் வைக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த விஷயம்தான். முளை அடிக்கும்போது யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. கால் கூசிப்போய்த் தள்ளி நின்றேன்.

"தெரியாம செஞ்சிட்டேம்மா."

"நீங்க என்ன செய்விய?" அவள் பீடத்தைப் பார்த்தாள். "தூக்குல போடாதிய, உயிரோட வைங்கன்னு நான் மனு எழுதிப் போட்டேன் அண்ணாச்சி. பெத்தவளான்னு ஊரே காறித் துப்புச்சு."

"அவன் மேல இரக்கமா?"

"அவனுக்கு எதுக்கு இரக்கம்? அவன் நரச்சு, குனிஞ்சு, கம்பிக்குள்ள கெடந்து, கேக்குறவங்ககிட்டல்லாம் தான் செஞ்சத அவன் வாயால சொல்லணும். உயிரோட இருந்தா அவன் கொலைகாரன். கொன்னாங்க, சாமி ஆயிட்டான். இப்பம் அவன் கல்லு அசையக் கூடாதுன்னு எம் பிள்ள நெஞ்சுல கம்பம் நடுதிய."

காபிக் கடையில் நின்று சிரித்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

முளையைப் பிடுங்கி எறிந்தேன். "நேர் லைன்தான். பீடத்த எடுங்கலே."

ஒருத்தனும் நகரவில்லை.

"கடப்பாரையத் தாங்க" என்றாள் அவள்.

கொடுத்தேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் கொடுத்தேன்.

முதல் குத்தில் சுண்ணாம்பு பெயர்ந்தது. வாய்க்காலில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒரே சமயத்தில் நின்றன. மழைக்குள் சுருட்டு நாற்றம் எழும்பியது, யாரோ பக்கத்தில் நின்று முகத்தில் ஊதுகிற மாதிரி.

இரண்டாவது குத்து.

கரைமேல் ஈர மண்ணில் குதிகாலை இழுத்து நடக்கிற சத்தம்.

இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

ஆள் இல்லை.

"மேஸ்திரி, போயிருவோம்" என்று மாடன் என் காதருகில் முனகினான். அதற்குள் அவள் தலை வெடுக்கென்று பின்னால் சாய்ந்தது. கழுத்தைச் சுற்றித் தோல் உள்ளே அமுங்கியது. கையும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை. ஒரு சிவந்த வரி மட்டும் மெதுவாக இறுகிக்கொண்டே போனது.

பிடிக்க ஓடினேன். கையை நீட்டித் தடுத்தாள். குரல் வெறும் காற்றாக வந்தது.

"நெரி. நல்லா நெரி. இது ஏழு வயசுக் கழுத்து இல்லலே."

கடப்பாரையைப் பீடத்தடியில் செருகினாள். கண் பிதுங்கியது. கை விடவில்லை.

"ஒனக்குச் சுருட்டு கெடையாது. கோழி கெடையாது. கயிறு கட்ட ஒரு பிள்ள வராது. பிரமுவக் கொன்னவன். அதான் ஒன் பேரு. வேற பேரு ஒனக்குக் கெடையாது."

பிஸ்மி சொல்லி இன்னொரு கடப்பாரையை எடுத்தேன். மாடன் அழுதுகொண்டே வந்து தோள் கொடுத்தான். மூன்று பேருமாக நெம்பினோம். பீடம் சாய்ந்து, புரண்டு, வாய்க்காலுக்குள் போய் விழுந்தது.

அவள் முழங்காலிட்டு இருமினாள். நாற்றம் போய்விட்டது. தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின.

பண்ணையார் ஆட்களோடு ஓடிவந்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். அவள் கழுத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அவன் போயிட்டான்னு நெனைக்கியா?"

"போக வேண்டாம்" என்றாள் உச்சிமாகாளி. "இங்கனயே இருக்கட்டும். ஒருத்தரும் கும்பிடாம, ஒருத்தரும் பயப்படாம கெடக்கட்டும். நான் கேட்ட தண்டன அதான்."

அன்று சாயங்காலமே அந்த இடத்தில் கம்பம் நட்டோம். ஆவணியில் குடியிருப்பில் விளக்கு எரிந்தது.

ஐப்பசி மழையில் ஒன்பதாவது கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்துவிட்டது. லைனை அணைக்கச் சொல்லிவிட்டு நான்தான் ஏறினேன். பாதி உயரத்தில் கீழேயிருந்து சுருட்டு நாற்றம் வந்தது. குனிந்து பார்க்கவில்லை. குளிர்ந்த விரல்கள் என் குதிகாலைச் சுற்றிப் பிடித்தன.

இழுத்தன.

அப்போது கம்பத்தின் அடியில் சத்தம் கேட்டது. இரும்பில் சின்ன உள்ளங்கைகள் அறைகிற சத்தம்.

பட், பட், பட்.

குதிகாலைப் பிடித்திருந்த விரல்கள் விட்டன. வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். கம்பத்தில் என் இடுப்பு உயரத்தில் இரண்டு சேற்றுக் கைகள் பதிந்திருந்தன. கொட்டுகிற மழையிலும் கரையவில்லை.

எட்டு வருடம் ஆகிவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை கம்பங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். ஒன்பதாவதில் மட்டும் பெயிண்ட் காயுமுன்பே இரண்டு கைத்தடம் விழுந்துவிடும். என் ஆட்கள் அதைத் துடைப்பதில்லை, நானும் துடைக்கச் சொல்வதில்லை. போன வாரம் அடித்தபோது பக்கத்தில் நின்று அளந்து பார்த்தேன். தடங்கள் என் நெஞ்சு உயரத்துக்கு வந்திருக்கின்றன. கையும் முன்னைவிடப் பெரிதாகியிருக்கிறது.