பதினேழும் ஒன்றும்

பூட்டிய வலைக் கிடங்குக்குள் ஏதோ தும்மியது. மதியம் மூன்று மணி, பழவேற்காட்டில் தூறல். சாவியும் பால் சொம்புமாக வீரராகவன் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே இருப்பது சின்னி ஒன்றுதான். அது தும்மாத பூனை.

மீனவர்களுக்கு நைலான் வலை வாடகைக்கு விடுபவர் அவர். மீன்வாடை ஏறிய வலையை எலி ஒரே ராத்திரியில் சல்லடையாக்கிவிடும். அதற்காகப் பதினெட்டுப் பூனைகள். நாலு தட்டு வைத்தால் நாலு கட்சியாகிவிடும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பித்தளைத் தாம்பாளம்.

ஆடியில் ஒன்று தும்மியது. ஆவணிக்குள் எல்லாவற்றுக்கும் கண்ணில் பீளை, நாக்கில் புண். தின்று முடித்ததும் வரிசையாக வரும். தோள் துண்டின் நுனியால் அத்தனை முகத்தையும் துடைத்துவிடுவார்.

"கூட்டமா வளத்தா இது சகஜம்யா," என்றார் கால்நடை டாக்டர் சாலமோன். "வைரஸ். ஒண்ணுக்கு வந்தா அத்தனைக்கும் வரும். முதல்ல அந்தத் தட்டைத் தூக்கிப் போடு."

"தட்டு இன்னா டாக்டரே பாவம் பண்ணிச்சு? புளி போட்டுத் தேச்சா பொன்னாட்டம் ஆவுது."

"துண்டு?"

"அது தோள்ல கீது. அதையும் தூக்கிப் போடணுமா?"

பதினேழைச் சவுக்குத் தோப்பில் புதைத்தாயிற்று. வீட்டில் தனியே வைத்துக் காப்பாற்றிய சின்னியை நேற்றுதான் கிடங்கில் விட்டார். இதுவும் போனால் வலையும் போச்சு, பிழைப்பும் போச்சு.

கதவைத் திறந்ததும் உப்பும் ஈரக்கயிறும் பழைய மீனும் கலந்த வாடை முகத்தில் அடிக்க, தகரக் கூரையில் தூறல் பொரிந்துகொண்டிருக்க, உத்தரத்திலிருந்து தொங்கிய வலைகளின் நிழலுக்குள்ளிருந்து சின்னி வந்து காலை உரசியது. மூக்கில் ஒழுக்கு இல்லை. கண் பளிச்சென்று இருந்தது.

"அப்போ தும்முனது யாரு? பேஜாராப் போச்சு," என்று முணுமுணுத்தபடி, புளி போட்டுத் தேய்த்த தாம்பாளத்தில் பாலை ஊற்றிவிட்டுக் குந்தினார்.

சின்னி குடிக்கவில்லை. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. முன்னெல்லாம் கூட்டத்தில் இடம் கிடைக்காதபோது உட்காருமே, அப்படி.

பாலின் ஓரம் நடுங்கியது. எதிர் ஓரமும்.

பிறகு சுற்றிலும்.

சளப். சளப்.

பால் இறங்கியது. சின்னி எழுந்தது. இல்லாத இரண்டு முதுகுகளுக்கு நடுவில் தோளைச் செருகியது. குனிந்து நக்கியது.

"சின்னி, வாணாம்."

எழப் பார்த்தார். துண்டு மடியில் சரிந்தது.

தாம்பாளம் காலி.

ஈரமாக ஒரு முகம் துண்டில் அழுந்தியது. தேய்த்துக்கொண்டு விலகியது. அடுத்தது. அதற்கடுத்தது. துண்டைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. துண்டு கனத்துக்கொண்டே வந்தது.

பதினேழு.

கடைசியாகச் சின்னி வந்து முகத்தை நீட்டியது. இரண்டு கண்ணும் பீளையில் ஒட்டியிருந்தன.