லைன்ல இருங்க

எட்டாம் நாள் சிகிச்சையில்தான் அவளுடைய இடது காது இரைச்சல் முதன்முறையாக நின்றது. கண் சிமிட்டும் நேரம்தான். அந்த இடைவெளியில் யாரோ மூச்சு இழுப்பது கேட்டது.

“நீயாம்மா பெருமூச்சு விட்ட?”

“நான் எங்க விட்டேன்? மெஷினைப் பார்த்துட்டிருக்கேன்” என்றாள் டெக்னீஷியன் பெண். “தலையை ஆட்டாதீங்கம்மா, ஸ்பாஞ்ச் நழுவிடும்.”

உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகள், அவற்றைத் தலையோடு இறுக்கும் ரப்பர் பட்டை, தோலுக்கடியில் எறும்பு ஊர்வதுபோல் மெல்லிய மின்சாரம், காதோரம் வழிந்து கழுத்துக்குள் இறங்கும் ஒரு சொட்டு, ஈர ரப்பரின் வாடை. இருபது நிமிடம்.

“இரைச்சல் பத்துக்கு எத்தனை இன்னைக்கு?”

“ஆறு.”

“பாருங்க! வந்தப்போ ஒன்பது சொன்னீங்க.”

பதினோரு வருடமாக ஒரே சுருதியில் ரீங்கரித்த சத்தம். பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் முப்பது வருடம் உட்கார்ந்தவள் அவள். தொழில் கொடுத்த வியாதி என்று மகள் எல்லோரிடமும் சொல்வாள். அவளும் மறுத்ததில்லை.

கணவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. போர்டுக்கு ஃபோன் போட்டு, குரலை மாற்றிக்கொண்டு, “ஆப்பரேட்டரம்மா, என் சம்சாரம் இருக்காங்களா?” என்பார்.

“அவங்க பிஸி சார். லைன்ல இருங்க.” பட்டனைத் தட்டிக் காக்க வைப்பாள். மறுபடி தட்டினால் லைன் சேரும்; அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும்.

கடைசியாக அழைத்த அன்று, மதியம் இரண்டு மணிக்கு, குரல் தேய்ந்திருந்தது. “ஆப்பரேட்டரம்மா... மூச்சு முட்டுது...”

நடிப்பு பிரமாதம் என்று நினைத்தாள். “லைன்ல இருங்க சார்.” தட்டினாள். அந்த நேரம் பார்த்து எங்கோ பஸ் கவிழ்ந்து, போர்டு முழுக்க விளக்குகள் எரிந்தன. நினைவு வந்து மறுபடி தட்டியபோது மணி ஐந்து. வெறும் ரீங்காரம்.

“ரிசீவரைக் காதுல வச்சபடியே போயிட்டாரும்மா. யாருக்குக் கூப்பிடப் பார்த்தாரோ!” மகள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். யாருக்கு என்று சொல்ல இவளுக்குத்தான் வாய் வரவில்லை.

ஆறு நாலானது. நாலு இரண்டானது. இரைச்சல் தேயத் தேய, மூச்சு கிட்ட வந்தது. மருந்து நெடி அடிக்கும் அந்தச் சின்ன அறையில், மெஷினின் பச்சை விளக்கைப் பார்த்தபடி, அந்த மூச்சு இழுபடுவதையும் நின்று நின்று வருவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்த மூச்சு. பக்கத்துத் தலையணையில் கேட்ட மூச்சு.

“போதும்மா. நிறுத்திடு.”

“கடைசி நாள்ல வந்து இப்படிச் சொல்றீங்களே! பாதியில விட்டா பழையபடி வந்துடும்மா.”

“வரட்டும்.”

“ஏம்மா?” என்றாள் கூட வந்திருந்த மகள். “நீ ராத்திரியில நிம்மதியாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு? டிவியை அலறவிடாம இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்களும் பிழைச்சுப் போவாங்க. என்னன்னு சொல்லேன்.”

சொல்லியிருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் அதே கண்கள்.

“ஒண்ணுமில்ல. போடச் சொல்லு.”

இருபது நிமிடம்.

பத்து.

ஒன்று.

“பத்துக்கு எத்தனைம்மா?”

“பூஜ்யம்.”

மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தோள் சூடாக நனைந்தது. வலது காதில் மகளின் விசும்பல். இடது காதில் அமைதி.

பிறகு, தொண்டையைச் செருமும் சத்தம்.

“ஆப்பரேட்டரம்மா... இருக்கீங்களா?”

“ஏங்க...” என்றாள்.

மகளின் அழுகை சட்டென்று நின்றது. அந்த வீட்டில் அப்படி அழைக்கப்பட்டவர் ஒருவர்தான். “அம்மா? யாரைக் கூப்பிடற?”

“ஏங்க, நான்தாங்க. கேக்குதா?”

அவருக்குக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும். இழுபட்டது. நின்றது. இழுபட்டது.

“பரவாயில்லம்மா. வேலையைப் பாருங்க. நான் லைன்லதான் இருக்கேன்.”

நாற்காலிக் கையில், இல்லாத பட்டனை அவள் விரல் தட்டியது. மறுபடி தட்டியது. மகள் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தும் நிற்காமல், தட்டிக்கொண்டே இருந்தது.